ஒரு தும்மலும் ஒரு சிட்டிகை குர்த்தும்

தும்மி முடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால், குப்பிக்குள் ஒன்றுமே இல்லை.

மரால் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுண்டுவிரல் அளவுக் குப்பி. வெளியே லேபிள் இருந்தது, மேலே மூடி இருந்தது, உள்ளே காற்று இருந்தது. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். தட்டிய பிறகுதான், தட்டியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"மூடியை மட்டும் திறந்துராதே" என்றுதான் காலையில் அண்ணி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "யாராவது பாக்கணும்னா எடுத்துக் காட்டு. காட்டறதுல ஒண்ணும் இல்ல. திறக்காதே, அவ்வளவுதான்."

மரால் திறந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டு வருஷமாக அண்ணி எதற்காகத் தூக்கத்தில்கூடப் பல்லைக் கடித்தாளோ அது எப்படித்தான் இருக்கும் என்று ஒரே ஒரு பார்வை. அந்த நேரம் பார்த்து மூக்கு. அல்மாத்தியில் பாப்ளர் மரங்கள் பஞ்சு விடுகிற மாதம். ஊரில் பாதிப் பேர் தும்மிக்கொண்டுதான் திரிவார்கள். ஆனால் மற்றவர்கள் யாரும் குல்ஷாத் அண்ணியின் குப்பிக்குள் தும்மவில்லை.

அந்தக் குப்பியில் இருந்தது, இருந்திருக்க வேண்டியது, ஒரு புரதம். மரால் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு, டீக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே அண்ணி விளக்கியிருந்தாள். "நம்ம உடம்புல நோயை எதிர்க்கிற செல் இருக்கில்ல, அதோட தோல் மேல வாசல்காரன் மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கும். ரிசெப்டர்னு பேரு. வர்றவன் நம்மாளா, வெளியாளான்னு பாக்கறது அது வேலை. சிலபேர் உடம்புல அது தப்பாப் பாத்து, வீட்டாளையே வெளியாள்னு அடிக்குது. ஏன்னு கண்டுபிடிக்கணும். மனுஷ உடம்புலேர்ந்து பிச்சு எடுக்க முடியாதுல்ல? அதனால மனுஷ ஜீனை வேற செல்லுக்குள்ள செருகி, அதை விட்டுச் செய்ய வெச்சு, காய வெச்சுக் குப்பில அடைச்சுக் கம்பெனிக்காரன் அனுப்புவான். காய்ஞ்ச பொருள். கொஞ்ச நாள் வெளில கிடந்தாலும் தாங்கும். தண்ணியும் சூடும்தான் ஆகாது."

மரால் தலையை ஆட்டினாள். அவளுக்குள் ஓடியது வேறு. இந்த வீட்டு வாசலில் அண்ணிதான் அந்த ரிசெப்டர். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம்மாளா, வெளியாளா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அண்ணன் தாவ்லெத் மேற்கே எண்ணெய் வயலில் வேலை. வந்தால் இரண்டு வாரம், போனால் இரண்டு வாரம். பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவு வரும்வரை மரால் அண்ணியோடுதான். சும்மா இருக்க வேண்டாம் என்று ஆராய்ச்சி நிலையத்துக்கும் கூட்டிப் போனாள், குடுவை கழுவ. அண்ணி அதிகம் பேச மாட்டாள், சிரிப்பதும் அபூர்வம். கணவன் வீட்டு ஆட்களை மருமகள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதே, அதனால் மராலுக்குச் 'சில்வண்டு' என்று பேர் வைத்திருந்தாள். சத்தமே போடாத பெண்ணுக்குச் சில்வண்டு. அது செல்லமா, குத்தலா என்றுகூட மராலுக்குப் பிடிபடவில்லை.

இப்போது சில்வண்டு அண்ணியின் இரண்டு வருஷத்தைத் தும்மிவிட்டது. இந்தக் குப்பி இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. இன்னொன்று வரவழைக்க அடுத்த வருஷம் ஆகும். அதற்குள் நிதியை நிறுத்திவிடுவார்கள். தன்னை ஊருக்கு ரயிலேற்றிவிடுவார்கள். அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து அறையில் கருவிகள் பார்க்கும் தீமா திருப்புளியோடு எதையோ குடைந்துகொண்டிருந்தான்.

"தீமா அண்ணே, அந்தப் புரதம் என்ன கலர்ல இருக்கும்?"

"எந்தப் புரதம்?"

"பொதுவா."

"பொதுவா வெள்ளை. ஏன்?"

"சும்மா."

"இந்தக் கட்டடத்துல சும்மான்னு சொன்னவன் எல்லாம் எதையாவது உடைச்சவன்தான்."

"நான் எதையும் உடைக்கல" என்றாள் மரால். அது உண்மை. குப்பி முழுசாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து மேசையைத் துடைத்துப் பார்த்தாள், தரையைத் தடவிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் பாப்ளர் பஞ்சு. அதற்குள் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். இயக்குநர் செய்த்காலி ஐயா.

செய்த்காலி ஐயா படித்தது கால்நடை மருத்துவம். இந்த நிலையத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் விருந்தோம்பல். கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"கண்ணு, குப்பி பத்திரமா இருக்குல்ல? அஸ்தானாலேர்ந்து ரைஹான் அம்மா வந்திருக்காங்க. பெரிய பேராசிரியர். மதிய டீக்கு எல்லாரையும் கூப்ட்டிருக்கேன். குப்பியைக் காட்டணும். புதுசு வந்திருக்கு, கொரிம்திக் வாங்காம விடலாமா?"

தலை மறைந்தது.

புதுக் குழந்தை, புதுப் பெண், புதுக் கார், எதை முதல் தடவை பார்த்தாலும் பார்க்கிறவர் ஏதாவது கொடுக்க வேண்டும். அதுதான் கொரிம்திக். வாங்கிக்கொண்டு காலிக் குப்பியைக் காட்டினால் என்ன பேர்?

அண்ணிக்குப் போன் செய்யலாம். கைபேசியை எடுத்தாள். விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காக அண்ணி நின்றுகொண்டிருப்பாள். "அண்ணி, தும்மிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? கைபேசியை வைத்துவிட்டாள். பையில் வைக்கும்போது விரலில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

குர்த். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. அம்மா ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தது. கல் மாதிரி இருக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணியின் கூரான கத்தி ஒன்றை எடுத்து உருண்டையைச் சுரண்ட ஆரம்பித்தாள். தூள் அழகாக விழுந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பிக்குள் போட்டு மூடினாள். காட்டி முடிக்கிற வரைக்கும்தான். அண்ணி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது. யாரையும் ஏமாற்றவில்லை, கொஞ்சம் நேரம் கேட்கிறேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டீ மேசையில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி குவிந்திருந்தது, நடுவில் வெள்ளைத் துணி விரித்த தட்டில் குப்பி. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள்.

"அடேயப்பா, நல்லா நெறைவா இருக்கே!"

"கண்ணு படாம இருக்கட்டும்."

"குல்ஷாத் அதிர்ஷ்டக்காரி."

தட்டைச் சுற்றி ஒரு பெட்டி சாக்லேட், ஒரு கைக்குட்டை, ஒரு வாசனை சோப்பு சேர்ந்தன. தீமா சட்டைப்பையைத் துழாவி ஒரு திருகாணியை வைத்தான். "புதுசுதான்" என்றான்.

கடைசியாக ரைஹான் அம்மா வந்தார். உயரமான பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குப்பியைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு இல்லை.

"செய்த்காலி, நான் இந்த வேலைல தலை நரைச்சவ. இந்த மாதிரிக் குப்பில பொடியைக் கண்ணால பாக்கறது இதுதான் முதல் தடவை."

"அப்படியா!" செய்த்காலி ஐயா மலர்ந்தார்.

"ஆமா. எப்பவும் காலியாத்தான் தெரியும். உள்சுவத்துல மூச்சுப் பட்ட மாதிரி ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாம் காலிக் குப்பி அனுப்பிட்டான்னு அழும். நான் திட்டுவேன், அது உள்ளதான் இருக்கு, திறக்காதே, எதையும் சேக்காதேன்னு."

மராலின் காதில் டீக் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளேதான் இருந்தது. தும்மியபோதும் இருந்தது, தட்டியபோதும் இருந்தது. அதன் மேல் அவள் குர்த்தைப் போட்டிருக்கிறாள். தும்மல் கெடுக்காததை ஒரு சிட்டிகைத் தயிர் கெடுத்துவிட்டது.

"மூடியோரம் லேசாப் புளிச்ச வாசனை அடிக்குதோ?" என்றார் ரைஹான் அம்மா.

"உயிருள்ள பொருள்னா வாசனை இருக்கத்தானே செய்யும்" என்றார் செய்த்காலி ஐயா. "குல்ஷாத் பேரம் பேசி நெறைய வாங்கியிருக்கா, அதான் விஷயம்."

"இவ்வளவு இருந்தா என் ஆய்வுக்கூடம் ஒரு வருஷம் ஓடும்." அந்த அம்மா பெருமூச்சு விட்டார். விட்டிருக்கக் கூடாது. விருந்தாளி ஒன்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் செய்த்காலி ஐயாவுக்குக் கை தன்னால் நீளும்.

"பாதி உங்களுக்கு!"

"வேண்டாம் செய்த்காலி."

"அதெல்லாம் இல்ல. அஸ்தானாலேர்ந்து வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. கண்ணு மரால், சுத்தமான குப்பி ஒண்ணு எடுத்துட்டு வா."

மரால் நகரவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த குர்த், தலைநகரத்துக்குப் போய் மனித ரிசெப்டராக உட்காரப் போகிறது. அங்கே ஒரு வருஷம் ஓடப் போகிறது. அதை வைத்து யாராவது ஒரு நோய்க்கு மருந்து கூடத் தேடுவார்கள். அண்ணியின் பெயரில்.

"ஐயா" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "விருந்தாளிக்குப் பொடியா கட்டிக் குடுப்பாங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். சில்வண்டு இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்ல காஸி இருக்கு. போன குளிர்காலத்துக் குதிரை. அண்ணி நல்ல கொழுப்பாப் பாத்து எடுத்து வெச்சது. ரெண்டு நிமிஷம், கொண்டு வந்துர்றேன்."

ரைஹான் அம்மாவின் கை குப்பியை மெல்லத் தட்டில் வைத்தது. காஸி என்றால் குதிரை இறைச்சியைக் குடலில் அடைத்துப் பதம் செய்தது; ஆனி மாதத்தில் எந்த வீட்டிலும் மிஞ்சியிருக்காது. அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"இந்தப் பொண்ணு நல்லா வருவா, செய்த்காலி."

வீடு வாய்க்காலைத் தாண்டி எதிர்ச் சந்தில். மரால் ஓடினாள். அந்தக் காஸி அவளுடையது. குளிர்காலத்தில் குதிரை அறுத்தபோது, ஊரில் இருக்கும் நாத்தனாருக்கு என்று அண்ணி ஒரு பங்கு எடுத்து நீலத் துணியில் சுற்றி உறைபெட்டியில் வைத்திருந்தாள். வந்த அன்றே காட்டினாள். "இது உன் பங்கு. சேர்க்கை முடிவு வந்ததும் வேகப்போடலாம். அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க." ஒருவருக்கென்று எடுத்து வைத்த பங்கை மற்றவர் தொடுவது எந்த வீட்டிலும் கிடையாது. அந்த வீட்டில் மராலுடையது என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் பிறகு நான் வெறும் விருந்தாளிதான் என்று நினைத்தாள். ஆனால் தன் பங்கைத் தானே கொடுக்கலாம். அதில் தப்பில்லை.

கதவைத் திறந்தது அண்ணன் மகள் அக்போத்தா. ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

"அத்தை, என்ன தேடறீங்க?"

மரால் உறைபெட்டியைத் திறந்து நீல மூட்டையை உருவினாள்.

"அத்தை, அத்தை, அது வந்து, அதுல..."

"அப்புறம் சொல்லு தங்கம். இந்தா, சாக்லேட்." கொரிம்திக் பெட்டியிலிருந்து வரும்போது எடுத்த ஒன்றைப் பிரித்துக் குழந்தை வாயில் வைத்துவிட்டு ஓடினாள்.

ரைஹான் அம்மா மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து வாழ்த்தினார். நல்ல கணவன், நிறையப் பிள்ளைகள், பெரிய படிப்பு. "நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, இதைக் கொதிக்கிற தண்ணில போடறதுதான்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். பொடி யாருக்கும் ஞாபகமே இல்லை.

சாயங்காலம் அண்ணி வந்தாள். மரால் அவளை ஆய்வுக்கூட வாசலிலேயே மறித்தாள். மனசுக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது எல்லாம் கலைந்து கடைசியிலிருந்து வெளியே வந்தது.

"குர்த் போட்டுட்டேன் அண்ணி."

"எதுல?"

"குப்பில. தும்மினேன். காலியா இருந்துச்சு. காலியா இல்லையாம், அந்த அம்மா சொன்னாங்க. உள்ளதான் இருந்துச்சாம். நான் திறந்துட்டேன். நீங்க திறக்காதேன்னீங்க."

அண்ணி வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மரால் பதறி அருகில் போனால், அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று வாரமும் காணாத சிரிப்பு. மூக்கால் சத்தம் வந்தது.

"காலிக் குப்பிதான்டி அது! நான் கழுவி வெச்ச பழைய குப்பி. கம்பெனிக்காரன் ரெண்டு லேபிள் அனுப்புவான், ஒண்ணை அதுல ஒட்டினேன்."

"ஏன்?"

"உங்க செய்த்காலி ஐயாவைத் தெரியாதா? போன வருஷம் புது மைக்ரோஸ்கோப் வந்துச்சு. மூணு நாள் ஊரைக் கூட்டிக் காட்டினார். நாலாம் நாள் லென்ஸ்ல கீறல்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் விஞ்ஞானம் படிச்சவ, கண்ணு படறதை எல்லாம் நம்பறதில்ல. ஆனா பட்டா பட்டதுதான். அக்போத்தா பொறந்தப்போ, நாப்பது நாளைக்கு யாருக்கும் காட்டக் கூடாது, அதுக்கு முன்னாடியே ஐயா பொண்டாட்டி வந்து நின்னாங்க. பக்கத்து வீட்டு ஆண் குழந்தை வலேராவைத் தூக்கிக் காட்டினேன். பொண்ணு கன்னம் என்ன அழகுன்னு சொல்லிக் காசு வெச்சுட்டுப் போனாங்க."

"அப்ப நிஜமானது?"

"பத்திரமா இருக்கு. இங்க கரண்ட் போனா உறைபெட்டியும் போகும், நம்பி வைக்க முடியாது. வீட்ல வெச்சிருக்கேன். யாரும் கை வைக்காத இடமாப் பாத்து."

மரால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். பாப்ளர் பஞ்சு தண்ணீரில் மிதந்து போனது.

"ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"பயம்."

"என்னைப் பாத்தா?"

"திருப்பி அனுப்பிருவீங்கன்னு."

அண்ணி மதகருகில் நின்று செருப்புக்குள் போன கல்லை உதறினாள். உதறி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"உங்க வீட்டுக்கு மருமகளா வந்த புதுசுல நானும் அப்படித்தான். உங்கம்மா டீ குடுக்கறப்ப எல்லாம் கிண்ணத்தைப் பாப்பேன். நெறைய ஊத்தினா விருந்தாளி, கிளம்புன்னு அர்த்தம். அரைக் கிண்ணம் ஊத்தினா இன்னும் இரு, இன்னும் கேளுன்னு அர்த்தம். ஒரு நாளும் உங்கம்மா எனக்கு நெறைய ஊத்தல. நான்தான் கணக்குப் பண்ணிக்கிட்டே இருந்தேன்." நிமிர்ந்தாள். "விருந்தாளியைத்தான் திருப்பி அனுப்புவாங்க, சில்வண்டு. வீட்டாளுக்குப் பங்கு எடுத்து வைப்பாங்க."

அண்ணி தனக்கு ஒரு நாளாவது கிண்ணம் நிறைய ஊற்றியிருக்கிறாளா என்று மரால் யோசித்துப் பார்த்தாள். இல்லை. எப்போதும் அரைதான். அதைக் கஞ்சத்தனம் என்று அம்மாவுக்குப் போனில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணி, அந்தப் பங்கு விஷயமா இன்னொண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இன்னிக்கு இதுக்கு மேல சிரிக்க என்னால முடியாது. உள்ள போய்ச் சொல்லு."

கதவு திறந்தது. அக்போத்தா வாயைச் சுற்றிச் சாக்லேட்டோடு நின்றாள். அண்ணியைப் பார்த்தாள், மராலைப் பார்த்தாள், மராலின் வெறும் கையைப் பார்த்தாள்.

"அம்மா, அத்தை நீல மூட்டையைத் தூக்கிட்டு ஓடறப்பவே சொல்ல வந்தேன், காதுலயே வாங்கல. நீ அதுக்குள்ள ஒரு குட்டிக் குப்பியைத் தூங்க வெச்சியே, அதுவும் சேர்ந்து போயிருச்சும்மா."